சிசிலிக்குக் கம்பளி ஆகாது

இங்கிலாந்தின் வடக்கே, மழை ஓயாத ஒரு பள்ளத்தாக்கில் எட்மண்ட் கார் என்றொரு குருவானவர் இருந்தார். அங்கிருந்த சின்னக் கோயில் அவர் பொறுப்பு. ஆடுகளையும் தறிகளையும் நம்பிப் பிழைத்த ஊர் அது. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் ராட்டைச் சத்தமும் ஈரக் கம்பளி வாடையும்தான்.

அவரிடம் சீடராக இருந்தவர் ஹம்ப்ரி. குருவைவிடப் பல வயது மூத்தவர். ஒரு காலத்தில் பெரிய கம்பளி வியாபாரி. மனைவி இறந்த பிறகு கடையைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு பெட்டியோடு குருவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். விறகு பிளந்தார், கோயில் மணியடித்தார், சாயங்காலங்களில் குருவோடு உட்கார்ந்து வேதம் வாசித்தார். கேள்விகள் மட்டும் அவரை விட்டபாடில்லை.

"ஐயா, மனம் அடங்க என்ன செய்ய வேண்டும்?" என்று ஒருநாள் கேட்டார்.

"மணிக்கயிறு நைந்துபோயிருக்கிறது. மாற்றிவிடுங்கள்" என்றார் குரு.

ஹம்ப்ரி மாற்றினார். முடிச்சு சரியாக விழுந்திருக்கிறதா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். சொன்னதைச் சொன்னபடி செய்துவிட்டால் என்றாவது ஒருநாள் எல்லாம் விளங்கிவிடும் என்று அவர் நம்பினார்.

அந்தக் காலத்தில் அந்த நாட்டில் ஒரு சட்டம் இருந்தது. செத்தவர்களைக் கம்பளியில் சுற்றித்தான் புதைக்க வேண்டும். ஆளிநாரில் நெய்த லினன் கூடாது, பட்டு கூடாது, வேறு நூல் ஒன்றுகூடக் கூடாது. கம்பளி வியாபாரம் படுத்துவிடக் கூடாதே என்று மேலே இருந்தவர்கள் போட்ட சட்டம். உடலைப் பார்த்த ஒருவர் நீதிபதி முன்னால் வேதபுத்தகத்தில் கை வைத்து, 'கம்பளிதான், வேறொன்றும் இல்லை' என்று சத்தியம் செய்ய வேண்டும். தவறினால் அபராதம். வசதியுள்ளவர்கள் அபராதத்தை விட்டெறிந்துவிட்டு லினனிலேயே போய்ச் சேர்ந்தார்கள். நெசவாளி வீட்டுக்கு அபராதம் வந்தால் தறி வெளியே போகும். தறி போனால் அடுப்பு அணையும்.

அந்தச் சட்டம் வந்த வருஷம் ஹம்ப்ரியின் கடையில் விருந்து நடந்திருந்தது.

ஒரு குளிர்காலத்தில் பள்ளத்தாக்கில் காய்ச்சல் பரவியது. மார்ஜரி என்ற நெசவுக்காரியின் மகள் சிசிலி இறந்துபோனாள். ஆறு வயது. மார்ஜரியின் புருஷன் ரால்ஃப் அதற்கு முந்தின குளிர்காலத்தில், கம்பளி மூட்டை ஏற்றிய குதிரையோடு கணவாயில் போனவன், பனியில் சிக்கித் திரும்பவே இல்லை. இப்போது அவளுக்கு மிச்சம் ஒரு கைக்குழந்தையும் ஒரு தறியும்.

குருவும் ஹம்ப்ரியும் ஜெபம் செய்யப் போனார்கள். மேஜைப் பலகைமேல் குழந்தையைக் கிடத்தியிருந்தார்கள். பழுப்புக் கம்பளி ஒன்று கழுத்துவரை மூடியிருந்தது. குரு முழந்தாளிட்டார். ஹம்ப்ரியும் முழந்தாளிட்டார். தலை குனிந்தபோது, கம்பளிக்கும் கழுத்துக்கும் நடுவே வெள்ளையாக ஒரு கீற்று அவர் கண்ணில் பட்டது.

ஜெபத்தில் அதற்குமேல் அவருக்கு மனம் செல்லவில்லை.

திரும்பும் வழியில் தூறல் பிடித்துக்கொண்டது.

"ஐயா, உள்ளே போட்டிருப்பது லினன் சட்டை" என்றார் ஹம்ப்ரி.

"நானும் பார்த்தேன்."

"நாளைக்கு அடக்கம். சத்தியம் யார் செய்வது? குழந்தையைக் குளிப்பாட்டிய பக்கத்து வீட்டு பெக்கைக் கேட்டேன். மாட்டேன் என்கிறாள். பொய்ச்சத்தியம் செய்தால் நரகம் என்று நடுங்குகிறாள்."

"நீங்கள் செய்வீர்களா?"

ஹம்ப்ரி நின்றுவிட்டார். "பார்த்த பிறகா? ஆண்டவர்மேல் ஆணையிட்டா?"

குரு மேலங்கியைத் தலைக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தார்.

"சத்தியம் செய்ய ஆளில்லை என்றால் அபராதம் வரும். தறியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பொய் சொன்னால் ஆத்துமா போகும், உண்மையைச் சொன்னால் அவள் வீடு போகும். எனக்கு ஒன்றும் புரியவில்லை ஐயா. உண்மை பெரிதா, இரக்கம் பெரிதா?"

ஆட்டுப்பட்டியின் வேலிக்கதவு குறுக்கிட்டது. குரு அதைத் திறந்து, ஹம்ப்ரி கடந்து வரும்வரை பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்:

"நீங்களே போய் அந்தச் சட்டையைக் கழற்றிக்கொண்டு வாருங்கள்."

ஹம்ப்ரிக்குச் சட்டென்று மூச்சு லேசானது. இவ்வளவுதானே! இது ஏன் தமக்குத் தோன்றவில்லை? சட்டை போய்விட்டால் சத்தியம் உண்மையாகிவிடும். தறியும் தப்பிவிடும். ஒரே காரியத்தில் இரண்டும் நிறைவேறிவிடும்.

"கழற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் ஐயா" என்றார்.

"போய் வாருங்கள்" என்றார் குரு.

ஹம்ப்ரி முதலில் தம் பெட்டியைத் திறந்தார். அடியில் ஒரு கம்பளித் துண்டு இருந்தது. ஆட்டுக்குட்டியிடம் முதல் முறை கத்தரித்த ரோமத்தில் நெய்தது. மனைவிக்காக எடுத்து வைத்தது. அதை மடித்து மேலங்கிக்குள் வைத்துக்கொண்டு, பொழுது சாயும் முன் மார்ஜரி வீட்டுக்குப் போனார்.

அவள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பருகே நின்றாள். அவர் வந்த காரியத்தைச் சொன்னார். நிதானமாக, ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். சட்டம், சத்தியம், அபராதம், தறி. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அவளுக்குக் கம்பளி ஆகாதுங்க" என்றாள் கடைசியில்.

"புரிகிறது அம்மா. ஆனால்…"

"பொறந்ததிலேருந்தே ஆகாது. மேல பட்டாலே தடிச்சுப் போயிடும். ராவெல்லாம் சொறிஞ்சுக்கிட்டே கிடப்பா. அதனாலதான் அவங்கப்பா, வீட்டுக்குப் பின்னால கொஞ்சம் ஆளிச்செடி போட்டாரு. ஓடையில ஊறவச்சு, அடிச்சு நாரெடுத்து, அவரே நெய்தாரு. நாங்க எங்களுக்குன்னு நெய்த துணி அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் மூட்டையா வரும், மூட்டையா போயிடும்."

ஹம்ப்ரி மேலங்கிக்குள்ளிருந்து கம்பளியை எடுத்தார். "இதைத் தொட்டுப் பாருங்கள். இதைவிட மென்மையானது இந்த நாட்டிலேயே கிடைக்காது. நானே தேர்ந்தெடுத்தது."

அவள் வாங்கினாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். மணிக்கட்டின் உட்பக்கம் தேய்த்துப் பார்த்தாள்.

"மெதுவாத்தான் இருக்கு" என்றாள். பிறகு, "மெதுவா இருந்தாலும் ஆகாதுங்க."

"இனிமேல் அவளுக்கு அரிக்காது அம்மா."

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அப்புறம் இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்தாள், மூலையில் இருந்த தறியைப் பார்த்தாள்.

"எனக்குக் கை வராது. நீங்களே கழட்டிக்குங்க."

ஹம்ப்ரி கம்பளியை விலக்கினார். வெள்ளைச் சட்டை. கழுத்தோரம் அழகாக மடித்துத் தைத்திருந்தார்கள். சட்டைக் கை பெரிதாக இருந்தது. வளர்வாள் என்று பெரிதாக வெட்டியிருக்கிறான் தகப்பன். அவர் ஒரு கையால் குழந்தையின் முதுகைத் தாங்கித் தூக்கினார். சில்லிட்ட உடம்பு. தலை அவர் தோள்பக்கம் சாய்ந்தது. அப்போது கழுத்தில் பழைய தழும்புகள் தெரிந்தன. நகம் கீறிய தழும்புகள்.

அவர் கை ஒரு கணம் நின்றது.

குரு சொன்னது ஞாபகம் வந்தது. கழற்றிக்கொண்டு வாருங்கள். அவர் கழற்றினார். துணி கையாண்டு பழகிய விரல்கள். ஒரு தையல்கூடப் பிரியாமல் சட்டை வந்துவிட்டது. ஆட்டுக்குட்டிக் கம்பளியை விரித்து, கால்முதல் கழுத்துவரை சுருக்கமில்லாமல் சுற்றினார்.

மார்ஜரி கைக்குழந்தையைத் தரையில் விட்டுவிட்டு வந்தாள். கம்பளிக்கும் மகளின் கழுத்துக்கும் நடுவே தன் இரண்டு விரலை நுழைத்து வைத்துக்கொண்டாள்.

"கோயிலுக்கு வர்றப்ப மட்டும் குளிருக்காகக் கம்பளி போட்டு விடுவேன்" என்றாள். "ஆராதனை முடியற வரைக்கும் இப்படித்தான் விரலை விட்டு வச்சிருப்பேன். அப்பதான் சும்மா உட்காருவா."

ஹம்ப்ரி சட்டையை நான்காக மடித்தார்.

"அதை எனக்குக் குடுங்க."

கொடுக்கலாமா என்று யோசித்தார். அடக்கம் முடிவதற்குள் அது திரும்பவும் உள்ளே போய்விட்டால்?

"அடக்கம் முடிந்ததும் தருகிறேன் அம்மா" என்றார்.

அவர் திரும்பி வந்தபோது குரு சன்னலருகே உட்கார்ந்திருந்தார். ஹம்ப்ரி சட்டையை மேஜைமேல் வைத்தார். குரு அதைப் பார்த்தார். தொடவில்லை.

"நனைந்துவிட்டீர்கள். தீப்பக்கம் வாருங்கள்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை, தூக்கிப் போகும் நேரம் வந்தும் மார்ஜரி விரலை எடுக்கவில்லை. அந்த நிலையிலேயே விடிய விடிய உட்கார்ந்திருந்தாள் என்று பெக் சொன்னாள். ஊர்க்காரர்கள் வாசலில் மழையில் நின்றார்கள். பெக் மெல்லக் கூப்பிட்டுப் பார்த்தாள். யாரும் கிட்டப் போகவில்லை. குரு கதவோரம் புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு நின்றார்.

நேரமாயிற்று. கடைசியில் ஹம்ப்ரிதான் போனார். அவள் மணிக்கட்டைப் பிடித்து, ஒவ்வொரு விரலாக வெளியே எடுத்தார். அவள் முரண்டு பிடிக்கவில்லை, அழவும் இல்லை. எடுத்த விரல்களைச் சிறிது நேரம் அப்படியே காற்றில் வைத்திருந்தாள்.

அடக்கம் முடிந்தது. ஹம்ப்ரி சட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் வாங்கி, பிரித்துப் பார்க்காமல் தறிமேல் வைத்தாள். ஹம்ப்ரி அன்றே நீதிபதியிடம் போனார். வேதபுத்தகத்தில் கை வைத்தார். கம்பளிதான், வேறொன்றும் இல்லை என்றார். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

தறி வீட்டிலேயே இருந்தது.

ஆனால் அவள் நெய்யவில்லை. வழக்கம்போலக் குதிரைக்காரன் வந்து வாசலில் கம்பளி மூட்டையை இறக்கிவிட்டுப் போனான். அவிழ்க்காமலே அது மழையில் ஊறியது. அடுத்த முறை வந்தவன், மூட்டையைத் திருப்பி ஏற்றிக்கொண்டு, இனி வேறு வீட்டுக்குக் கொடுத்துக்கொள்கிறோம் என்றான். அவள் சரி என்றாளாம். ஹம்ப்ரி ரொட்டியும் விறகும் கொண்டுபோய் வாசலில் வைத்தார். அவரைக் கண்டால் எழுந்து உள்ளே போய்விடுவாள். கோபமாகப் போவதுபோலவும் தெரியாது.

பனி உருகியபோது அவள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டுப் போய்விட்டாள். கடலோரப் பக்கம் என்றார்கள் சிலர். பிச்சையெடுக்கக் கண்டதாகச் சொன்னவர்களும் உண்டு. தறியை யாரும் எடுக்கவில்லை. கூரை ஒழுகி, அதன் கட்டைகள் உப்பிப்போயின.

ஹம்ப்ரிக்குத் தூக்கம் போயிற்று. ராட்டைச் சத்தம் கேட்டால் எழுந்து வெளியே போனார். வேதம் வாசிக்க உட்கார்ந்தால் கண் ஒரே வரியில் நின்றது. குரு அவரை ஒன்றும் கேட்கவில்லை. விறகு பிளக்கும்போது மட்டும் தாமும் வந்து கூட நின்று அடுக்கினார்.

ஒரு சாயங்காலம், விறகை அடுக்கிக்கொண்டிருந்த குருவின் எதிரே வந்து ஹம்ப்ரி நின்றார்.

"ஐயா, நான் எங்கே தவறினேன்? எனக்குச் சொல்லுங்கள்."

குரு கையிலிருந்த கட்டையை வைத்தார்.

"சட்டத்தை மீறவில்லை. பொய்ச்சத்தியம் செய்யவில்லை. அவள் தறியைக் காப்பாற்றிக் கொடுத்தேன். என்னிடம் இருந்ததிலேயே நல்ல கம்பளியைக் கொடுத்தேன். இதில் எது தவறு?"

"எதுவும் தவறில்லை."

"அப்படியானால் ஏன் என் கை இப்படி இருக்கிறது? எதைத் தொட்டாலும் அந்த விரல்கள்தான். சில்லென்று இருந்தன ஐயா. ஒவ்வொன்றாக எடுத்தேன்."

குரு அவர் கைகளைப் பார்த்தார்.

"தாங்கள்தானே கழற்றிக்கொண்டு வரச் சொன்னீர்கள்?"

"ஆமாம், சொன்னேன்." குரு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்தக் குழந்தையை ஒருமுறை கையில் தூக்கினால், கழற்ற மனம் வராமல் வெறுங்கையோடு திரும்பி வந்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன்."

பட்டியில் ஆடுகள் கத்தின. ஹம்ப்ரி ஓர் அடி கிட்டே வந்தார்.

"வெறுங்கையோடு வந்திருந்தால்? நீதிபதி முன்னால் சத்தியம் யார் செய்திருப்பார்கள்?"

"நான்" என்றார் குரு.