பூசணிக்காய்க்குக் கிடைத்த பெரும்பான்மை

அரைக்கிணறு என்னும் ஊருக்கு அப்பெயர் வந்த காரணத்தை அவ்வூரார் பெருமையோடு சொல்வார்கள். கிணறு வெட்ட வழிகாட்டிய பொறியாளர், "தண்ணீர் வரும்வரை தோண்டுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். பாதி தோண்டிய நேரத்தில், வெட்டியவர்கள் குடிப்பதற்கு யாரோ ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தார்கள். தண்ணீர் வந்துவிட்டதால் தோண்டுவதை உடனே நிறுத்திவிட்டார்கள்.

இத்தகைய ஊரில் குடியாட்சி தழைக்காமல் வேறெங்கே தழைக்கும்? அங்கே 'நஞ்சில்லா உணவுக் குடிமக்கள் மன்றம்' என்று ஒன்று இருந்தது. உறுப்பினர் நால்வர். ஆவுடையப்பன் தலைவர், இசக்கியம்மாள் துணைத்தலைவர், மாசிலாமணி செயலாளர். எஞ்சிய கொம்பையா பொதுமக்கள்.

பள்ளிக்கூடத்தை ஒட்டி அரை ஏக்கர் புறம்போக்கு நிலம் சும்மா கிடந்தது. அதில் உரக் கிடங்கு கட்ட வேண்டும் என்று சிலர் மனுக் கொடுத்திருந்தார்கள். காய்கறித் தோட்டம் போட வேண்டும் என்று பள்ளியின் சத்துணவுச் சமையலர் வெள்ளைத்தாய் மனுக் கொடுத்திருந்தாள். நாற்பத்தொரு பிள்ளைகளுக்கு அவள் சமைக்கிறாள். நகரத்துச் சந்தையிலிருந்து அவளுக்கு வந்து சேரும் கத்தரிக்காய், வழியிலேயே வயதாகி வந்து சேரும்.

ஒன்றிய அலுவலகத்திலிருந்து ரெஜினா என்னும் அலுவலர் வந்தார். இரண்டு மனுக்களையும் படித்தார். தீர்ப்பைத் தெளிவாகவே சொன்னார்.

"நிலத்தை மன்றத்திடம் நூறு நாள் விடுகிறேன். நூறாம் நாள் மதியம் வருவேன். அன்றைக்குப் பிள்ளைகள் தட்டில் இந்த மண்ணில் விளைந்த காய் இருந்தால் நிலம் தோட்டத்துக்கு. இல்லாவிட்டால் கிடங்குக்கு."

போகிறபோது அவர் அறிவுரையாக மூன்று வாக்கியங்களும் சொன்னார். அதுதான் வினையாயிற்று. மாசிலாமணி அவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். ஒன்று, பாதிக்கப்படுகிற ஒருவரையும் விட்டுவிடாமல் எல்லாரும் கலந்து முடிவெடுங்கள். இரண்டு, வாக்கு இரகசியமாக இருக்கட்டும். மூன்று, வென்றவர் யாராக இருந்தாலும் மரியாதை கொடுங்கள்.

வெள்ளைத்தாய், தான் சேர்த்து வைத்திருந்த நாட்டு விதைகளை மூன்று பொட்டலமாகக் கொண்டுவந்து கொடுத்தாள். பூசணி, வெண்டை, அவரை.

"அண்ணாச்சி, மண்ணு ஈரமா இருக்கு. இன்னைக்கே விதைச்சிருங்க."

"எதை விதைக்க?" என்றார் ஆவுடையப்பன்.

"மூணையுந்தான்."

"பாத்தியளா, சர்வாதிகாரம் எவ்வளவு சாதாரணமா பேசுது!" என்றார் மாசிலாமணி. "தாயி, எதை விதைக்கணும்னு ஊரு முடிவு பண்ணும். நீ அடுப்பைப் பாரு."

ஊரில் வாக்களிக்கத் தகுதி உள்ளவர் முந்நூறு பேர். வாக்குச்சீட்டு அச்சடித்தால் மரம் வெட்ட வேண்டும். அது மன்றத்தின் கொள்கைக்கு ஒவ்வாது. ஆகவே, எந்தக் காய் வேண்டுமோ அந்தக் காயின் விதையையே பானையில் போடுவது என்று தீர்மானமாயிற்று. வெள்ளைத்தாய் கொடுத்த விதை அத்தனையும் வாக்காகப் பானைக்குள் போய்ச் சேர்ந்தது. கொம்பையா மட்டும் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு வாக்களித்தார்.

"ஏன்வே கண்ணைக் கட்டியிருக்கீரு?" என்றார் ஆவுடையப்பன்.

"எனக்கே தெரியக்கூடாதுல்லா, அண்ணாச்சி. நான் வாய் உளறுத ஆளு."

அவருடைய கடமையுணர்வை மன்றம் பாராட்டிக் குறிப்பெழுதியது. பானையின் வாயைக் களிமண்ணால் பூசினார்கள். அதன் பிறகுதான் சிக்கல் தொடங்கியது.

"எண்ணணும்னா திறக்கணும்," என்றார் ஆவுடையப்பன்.

"திறந்தா உள்ளே இருக்கது தெரிஞ்சிருமே," என்றாள் இசக்கியம்மாள். "பொறவு இரகசியம் எங்க இருக்கு?"

"திறக்காம எண்ண முடியாதா?"

"குலுக்கிப் பாக்கலாம். சத்தத்தை வச்சு ஒரு மாதிரி சொல்லிரலாம்."

நான்கு நாள் குலுக்கினார்கள். அவரைக்காய் முன்னிலை வகிப்பதாகக் கொம்பையா காதை வைத்து அறிவித்தார். மற்றவர்கள் அதை வதந்தி என்று ஒதுக்கினார்கள். வெள்ளைத்தாய் நாள்தோறும் வந்து கத்தினாள்.

"மழை பெய்யிது அண்ணாச்சி! விதை பானைக்குள்ள உக்காந்திருக்கு! நாளு ஓடுதுல்லா! நிலம் போச்சுன்னா அந்த வதங்கின கத்தரிக்காயைத்தான் எம்பிள்ளைக காலத்துக்கும் திங்கணும்!"

"மக்கள் தீர்ப்பை அவசரப்படுத்தக் கூடாது, தாயி."

பத்தாம் நாள், முதல் அறிவுரையை மாசிலாமணி மீண்டும் படித்துக் காட்டினார். வேலி போட்டுத் தோட்டம் வைத்தால் பெரிதும் பாதிக்கப்படுவது யார்? இதுநாள்வரை அந்த நிலத்தில் மேய்ந்துவந்த இசக்கியம்மாளின் ஆடுதான். அதற்கு முறைப்படி அழைப்புக் கடிதம் கொடுக்கப்பட்டது. ஆடு கடிதத்தைத் தின்றது. 'கிடைக்கப்பெற்றார்' என்று மாசிலாமணி பதிவு செய்தார்.

பன்னிரண்டாம் நாள் அந்நிலத்தின் நடுவிலேயே கலந்தாய்வு நடந்தது. பானையை நடுவில் வைத்து, ஆட்டை எதிரில் நிறுத்தி, "உங்கள் கருத்து என்ன?" என்று தலைவர் கேட்டார். ஆடு பானையை முட்டியது. பானை உடைந்தது. விதைகள் நாலாபுறமும் சிதறின. நால்வரும் பதறிப்போய் அவற்றைப் பொறுக்க ஓடியதில், பெரும்பாலானவற்றை மண்ணுக்குள் மிதித்துவிட்டார்கள். அன்று மாலை நல்ல மழை பெய்தது.

ஒரு வாரத்தில் நிலம் முழுவதும் முளைவிட்டது. வெள்ளைத்தாய் ஆட்டுக்கு ஒரு கட்டு அகத்திக்கீரை வாங்கிப் போட்டாள். மன்றமோ அந்த முளைப்புக்கு முற்றிலும் வேறு பொருள் கண்டது.

"வேய், முளையை எண்ணலாம்லா! எந்த முளையை எவன் போட்டான்னு தெரியாது. இரகசியமும் பத்திரமா இருக்கும்," என்றார் மாசிலாமணி.

"முளைக்காதது?"

"செல்லாத ஓட்டு."

இவ்வளவு நேர்மையான வாக்கு எண்ணிக்கையை எந்த நாடும் கண்டதில்லை. பூசணி எழுபத்தொன்று, வெண்டை அறுபத்துநான்கு, அவரை ஐம்பத்தெட்டு. ஏழு வாக்கு வேறுபாட்டில் பூசணி வென்றதாக அறிவிக்கப்பட்டது. தோற்றவர்கள் களத்தில் நிற்பது அநாகரிகம் என்பதால், வெண்டையையும் அவரையையும் ஒன்றுவிடாமல் பிடுங்கினார்கள். வெள்ளைத்தாய் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவருவதற்குள், ஒரு பதவியில் எழுபத்தொரு பேர் அமர முடியாது என்னும் நுட்பமும் மாசிலாமணிக்குப் புலப்பட்டுவிட்டது. எழுபது பூசணிச் செடிகளும் போயின.

மிஞ்சிய ஒற்றைக் கொடியை வெள்ளைத்தாய் பச்சைக் குழந்தையைப் போல் வளர்த்தாள். சாணக் கரைசல் ஊற்றினாள். வண்டு விழுந்தால் கையால் பொறுக்கினாள். கொடியில் நான்கு பிஞ்சுகள் பிடித்தன. அவள் மகிழ்ச்சி மறுநாள் விடியும்வரை நீடித்தது. விடிந்து பார்த்தபோது ஒரு பிஞ்சுதான் இருந்தது.

"மத்த மூணும் எங்க மதினி?"

"ஒரே கொடில நாலு பேருன்னா அது குடும்ப ஆட்சில்லா," என்றாள் இசக்கியம்மாள், வருத்தத்தோடு. "நம்ம ஊருக்கு அது வேண்டாம்."

அந்த ஒற்றைக் காய், போட்டியின்றி உண்ட உரத்தால் பருத்தது. நூறாம் நாள் காலையில் அது ஒருவரால் தனியாகத் தூக்க முடியாத அளவுக்கு இருந்தது. அடியில் வைக்கோல் மெத்தை; மேலே பந்தல்; தோளென்று கருதத்தக்க பகுதியில் பொன்னாடை. மூன்றாம் அறிவுரையை மன்றம் அணுவளவும் மீறவில்லை.

வெள்ளைத்தாய் அரிவாளோடு வந்தாள். நால்வரும் பூசணியைச் சுற்றிக் கைகோத்து நின்றார்கள்.

"வழிவிடுங்க. உலை கொதிக்கு. மத்தியானம் ரெஜினா அம்மா வந்துருவாவ."

"மக்கள் பிரதிநிதி மேல கை வைக்கதா? அஞ்சு வருசம் பதவி இருக்கு தாயி," என்றார் ஆவுடையப்பன்.

"அஞ்சு வருசத்துல அழுகிப்போயிரும்."

"பதவில இருக்கவங்க அழுகுனா சட்டப்படி குத்தமில்ல," என்றார் மாசிலாமணி.

மணி பத்தரை. நிலம் போகப்போகிற நேரத்திலும் காய் கண்ணெதிரே பொன்னாடை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபோது வெள்ளைத்தாய்க்கு அழுகை வந்தது. அழுகை பாதியில் நின்றது. அவள் அரிவாளைக் கீழே வைத்தாள்.

"சரி அண்ணாச்சி. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். ஜெயிச்சு இத்தனை நாளாச்சே. ஒருநாளாவது ஓட்டுப் போட்ட சனத்தை வந்து பாத்துச்சா இது?"

பொதுமக்களாகிய கொம்பையா முதலில் பொறுமை இழந்தார்.

"அதான! நானும் பாக்கேன், ஒருநாளும் தெருப்பக்கம் வரலியே! உக்காந்த எடத்துலயே வீங்குது!"

"இப்பவே பள்ளிக்கூடத்துக்கு வரட்டும்," என்றாள் வெள்ளைத்தாய். "நாப்பத்தோரு பிள்ளைகளையும் சந்திக்கட்டும். ஆனா ஒரு பிள்ளைக்குக் கூடுதலு, ஒரு பிள்ளைக்குக் குறைவுன்னு இருக்கக்கூடாது. எல்லாருக்கும் சமமா."

"நியாயந்தான். ஆனா, ஒரே நேரத்துல நாப்பத்தோரு பேருக்கும் சமமா எப்படி?" என்றார் ஆவுடையப்பன்.

"அதை எங்கிட்ட விடுங்க. சந்திக்க வைக்கது எம்பொறுப்பு."

மேளம் முழங்கப் பிரதிநிதியைச் சமையல்கூடத்துக்குள் அழைத்துப் போனார்கள். தனிப்பட்ட ஆலோசனை என்று சொல்லி வெள்ளைத்தாய் கதவைச் சாத்தினாள். ரெஜினா வந்தபோது நாற்பத்தொரு தட்டிலும் பூசணிக்காய்க் கூட்டு, தலைக்கு ஒரு கரண்டி, சமமாக இருந்தது. அவரும் ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்றார். நிலம் தோட்டத்துக்கே என்று கையெழுத்திட்டார். வெள்ளைத்தாய் அன்றுதான் நூறு நாளுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

வெறும் பொன்னாடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஆவுடையப்பன், நெகிழ்ந்துபோய்க் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"எத்தனையோ பிரதிநிதிகளைப் பாத்துட்டேன். மக்களோட இவ்வளவு கலந்த ஆள் ஒருத்தருமில்ல."

கலந்துவிட்டாலும் பதவிக்காலம் முடிந்துவிடவில்லை. அடுத்த மாதக் கூட்டத்துக்கு நாற்பத்தொரு பிள்ளைகளையும் அழைத்து வரிசையாக உட்காரவைத்து, மாசிலாமணி வருகைப்பதிவு எடுத்தார். எண்ணிப் பார்த்ததில் பிரதிநிதி முழுமையாக வரவில்லை என்பது தெரிந்தது. ரெஜினாவோ அதற்குள் மாறுதலாகி வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். கூட்டத்தை ஒத்திவைத்த மன்றம், அம்மாவட்ட அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் பின்வருமாறு எழுதியது:

'ஐயா, எங்கள் மக்கள் பிரதிநிதியில் ஒரு கரண்டி தற்போது தங்கள் அலுவலகத்தில் பணியாற்றி வருவதாக அறிகிறோம். மாதந்தோறும் முதல் ஞாயிற்றுக்கிழமை அதனை எங்கள் கூட்டத்துக்கு அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். உடன்வரும் அம்மையாருக்குத் தேநீர் வழங்கப்படும்.'