டார்ச்சுக்கு வாங்கிய மூச்சு

"எந்த டார்ச் வாங்கட்டும், மேடம்?" என்று கேட்டார் வைத்திலிங்கம்.

லிடியா மேசையில் பொருத்திய கேஸ் டார்ச்சின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக் குச்சியை அதன் நெருப்பில் காட்டித் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"நெருப்புக்கு ஆக்சிஜன் தர சிலிண்டரா, மெஷினா?"

அவள் குச்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வைத்திலிங்கம் புதுச்சேரியில் பெயரெடுத்த ஆடிட்டர். ஐம்பதைத் தாண்டியவர். லிடியா அவரைவிட இருபது வயது இளையவள். லாஸ்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகையில் கண்ணாடியை உருக்கி மணிகள் செய்து விற்பவள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்வம் உள்ளவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பாள். வந்தவர்களில் பலர் விரலைச் சுட்டுக்கொண்டு நின்றுவிட்டார்கள். வைத்திலிங்கம் நிற்கவில்லை. வீட்டு மாடியில் சொந்தமாக ஒரு மேசை போட வேண்டும் என்பது அவர் ஆசை.

அதற்காக மாதக்கணக்கில் வீடியோ பார்த்தார். படித்தார். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடியது.

"பெரிய டார்ச் வாங்கினா பின்னாடி மாத்த வேண்டாங்கறாங்க. சின்னது போதுங்கறாங்க. நீங்கதான் சொல்லணும்."

லிடியா நெருப்பை அணைத்தாள். வெளியே போய்ச் செடிக்குத் தண்ணீர் விடும் ஓஸ் பைப்பில் ஒரு துண்டை வெட்டி எடுத்து வந்தாள்.

"ஊதுங்க."

ஊதினார். மறுமுனையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். காற்று வந்ததா இல்லையா என்றே தெரியவில்லை.

மேசையில் கிடந்த இளநீர் ஸ்ட்ராவை நீட்டினாள்.

"இதுல ஊதுங்க."

ஊதினார். உள்ளங்கையில் சுள்ளென்று பட்டது.

"அதே மூச்சுதான்" என்றாள் லிடியா.

வைத்திலிங்கத்தின் முகம் மலர்ந்தது.

"புரிஞ்சுது மேடம். மூச்சு, அதாவது ஆக்சிஜன், எவ்வளவு கிடைக்கும்னு முதல்ல பார்க்கணும். அதுக்கேத்த டார்ச் அப்புறம்."

அவள் சிரித்தாள். அன்றைய வகுப்பு அதோடு முடிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் காரின் டிக்கியைத் திறந்து, சக்கரம் வைத்த ஒரு பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தார். வெள்ளை நிறம், இடுப்பளவு உயரம். காற்றை இழுத்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின். மூச்சுத் திணறும் நோயாளிகளுக்காகச் செய்தது. மணி செய்பவர்களும் அதை டார்ச்சுக்கு வாங்கிக்கொள்வது உண்டு.

"வீட்ல சிலிண்டர் கூடாதுன்னு சம்சாரம் சொல்லிட்டா. அதான் மெஷின். கடலூர்ல பிடிச்சேன். பழசு. ஆனா பழசுன்னே சொல்ல முடியாது, பாருங்க."

"நல்லா இருக்கு" என்றாள் லிடியா.

"விலை கேட்டா நம்ப மாட்டீங்க. பாதிக்குப் பாதி."

"எப்படி?"

வைத்திலிங்கம் குரலைத் தாழ்த்தினார். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"கலியபெருமாள்னு ஒருத்தர். வீட்டுக்குள்ள போனதும், யாருக்கு சார்னு கேட்டார். கண்ணாடி மணி செய்யன்னா விலையை ஏத்திடுவாரேன்னு, எங்கம்மாவுக்குன்னேன். மூச்சு விட ரொம்பச் சிரமப்படறாங்கன்னேன். அவ்வளவுதான். பேரமே பேசலை. அவரே குறைச்சுட்டார். அவரே கார் வரைக்கும் தூக்கிட்டு வந்து வச்சார்."

லிடியா நிமிர்ந்தாள்.

"உங்கம்மாவுக்கு என்ன?"

"ஒண்ணுமில்லை மேடம். எண்பது வயசுல கல்லு மாதிரி இருக்காங்க. ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான்."

அவள் மெஷினைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாவம், அப்பாவி மனுஷன். பஞ்சுகூடக் கொடுத்தார். மூக்குக்குப் போற குழாய் காதுக்குப் பின்னாடி அறுக்குமாம். அம்மாவுக்கு அங்க பஞ்சு வைக்கணுமாம்."

சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய பஞ்சுப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். பாதி தீர்ந்திருந்தது.

லிடியா அதை வாங்கவில்லை. மெஷினின் முன்னால் குனிந்தாள்.

"இது என்ன மீட்டர்?"

"எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு காட்டும். பாருங்க, இருநூறுகூட ஆகலை! இந்த மெஷினெல்லாம் ஆயிரக்கணக்குல ஓடும் மேடம். அதனாலதான் புதுசு மாதிரின்னு சொன்னேன்."

"ஏன் நின்னுச்சு?"

"நிக்கலையே, நல்லா ஓடுது. போட்டுப் பார்த்துட்டுத்தான் வாங்கினேன்."

"இருநூறுகூட ஆகலைங்கறீங்களே. அதுக்குள்ள ஏன் நின்னுச்சு?"

வைத்திலிங்கம் மீட்டரை இன்னொரு முறை பார்த்தார்.

கலியபெருமாளின் தலை ஞாபகம் வந்தது. புதிதாக மொட்டை அடித்திருந்தது. திருப்பதிக்குப் போய் வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தார். கூடத்தில் சுவரோரமாக ஒரு இரும்புக் கட்டில் இருந்தது. மெத்தையைச் சுருட்டிக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். சுவரில் மாலை போட்ட ஒரு படம். அதன் கீழே நின்றுதான் வைத்திலிங்கம் அந்தப் பொய்யைச் சொன்னார். படத்தில் யார் என்று நிமிர்ந்து பார்க்கவில்லை.

கையில் இருந்த பஞ்சை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

பஞ்சைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப இதை நான் தொடக் கூடாதா மேடம்?"

"அப்படி நான் சொல்லலையே. உட்காருங்க."

மெஷினின் குழாயைத் தன் சின்ன டார்ச்சில் மாட்டினாள் லிடியா. சுவிட்சைப் போட்டாள். மெஷின் உறுமியது. பிறகு இழுத்தது, விட்டது. இழுத்தது, விட்டது. அவள் முதலில் கேஸைத் திறந்து பற்ற வைத்தாள். சுடர் மஞ்சளாகப் புகைந்தது. ஆக்சிஜனைத் திறந்ததும் நீலமாகச் சுருங்கிச் சீறியது.

"செய்யுங்க."

வைத்திலிங்கம் ஒரு கையில் கம்பியையும் ஒரு கையில் பச்சைக் கண்ணாடிக் குச்சியையும் எடுத்துக்கொண்டார். கண்ணாடி இளகித் தேன்போல் கம்பியில் சுற்றிக்கொண்டது. அவர் செய்ததிலேயே அதுதான் நல்ல மணியாக வந்துகொண்டிருந்தது. ஆனால் அவர் காது முழுவதும் மெஷினிடம் இருந்தது. இழுத்தது, விட்டது.

மேசையில் இருந்த போன் அடித்தது.

இரண்டு கையிலும் வேலை. அவரால் எடுக்க முடியவில்லை.

"எடுக்கட்டுமா?" என்றாள் லிடியா.

யார் என்று பார்க்காமல் தலையாட்டினார்.

அவள் ஸ்பீக்கரில் போட்டு அவர் முன்னால் வைத்தாள்.

"சார், நான் கலியபெருமாள். கடலூர். மெஷின் வாங்கிட்டுப் போனீங்களே."

வைத்திலிங்கத்தின் கை நின்றது. மணி ஒரு பக்கமாகத் தொங்கத் தொடங்கியது.

லிடியா ஆக்சிஜனை மூடினாள். பிறகு கேஸை மூடினாள். மெஷின் சுவிட்சையும் அணைத்தாள். கொட்டகையில் போன் சத்தம் மட்டும் இருந்தது.

"அம்மா எப்படி இருக்காங்க சார்?"

வைத்திலிங்கம் தொங்கிய மணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"ஒண்ணு சொல்ல மறந்துட்டேன் சார். அதான் கூப்பிட்டேன். மெஷின் போட்டிருக்கறப்ப அம்மாவை மட்டமாப் படுக்க வைக்காதீங்க. முதுகுக்குத் தலையணை வச்சு, சாஞ்சாப்ல உட்கார வைங்க. நான் அது தெரியாம எங்கம்மாவைப் படுக்க வச்சிட்டேன் சார்."

டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. சூடு இறங்கிய மணி கம்பியிலேயே விரிசல் விட்டிருந்தது.

"அப்புறம் சார், உங்கம்மா பேர் என்ன?"

"பேரா?"

"எங்க ஊர் பெரியநாயகி அம்மன்கிட்ட வேண்டிட்டிருக்கேன் சார், அவங்களுக்கு நல்லாகணும்னு. பேர் தெரியலை. மெஷின் வாங்கினவரோட அம்மான்னு சொல்லிக் கும்பிடறேன். சாமிக்கு விளங்குதோ என்னமோ."

வைத்திலிங்கம் லிடியாவைப் பார்த்தார். ஏதாவது சொல்லிக்கொடுப்பாள் என்று பார்த்தார்.

அவள் கண்ணில் நீர் நின்றது. அவளுக்கும் ஒன்றும் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

அவர் கம்பியைக் கீழே வைத்தார்.

"கலியபெருமாள், எங்கம்மாவுக்கு ஒண்ணுமில்லை."

"என்ன சார்?"

"அவங்களுக்கு எந்தச் சீக்கும் இல்லை. நான் பொய் சொன்னேன். விலையைக் குறைக்கறதுக்காகச் சொன்னேன். மெஷின் வாங்கினது நெருப்புக்கு. கண்ணாடி மணி செய்யறதுக்கு."

மறுமுனையில் எங்கோ ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. வைத்திலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். என்ன வந்தாலும் வாங்கிக்கொள்வது என்று தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணுமில்லையா?" என்றார் கலியபெருமாள்.

"இல்லை."

"நடக்கறாங்களா?"

"நடக்கறாங்க. காலையில பூப்பறிக்கப் போனாங்க."

"மாடிப்படி ஏறுவாங்களா?"

"ஏறுவாங்க."

"ஏறினா மூச்சு இழுக்குதா?"

"இழுக்கலை."

நீளமாக ஒரு மூச்சு விடும் சத்தம் கேட்டது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

"அப்பாடா" என்றார் கலியபெருமாள். "பயந்துக்கிட்டே இருந்தேன் சார்."

வைத்திலிங்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நான் உங்களை ஏமாத்தியிருக்கேன். என்னைத் திட்டுங்க. மெஷினைத் திருப்பிக் கொண்டாந்து தரேன். ஏதாவது சொல்லுங்க."

"அது கிடக்கட்டும் சார். அம்மா பேரைச் சொல்லுங்க."

"இனி எதுக்கு?"

"உங்கம்மா நல்லா இருக்காங்கன்னு சேதி வந்தா விளக்கு போடறேன்னு வேண்டிக்கிட்டேன். இப்ப நீங்களே சொல்லிட்டீங்களே, நல்லா இருக்காங்கன்னு. சாயங்காலம் போய்ப் போட்டுட்டு வந்துடறேன். பேரைச் சொல்லுங்க."