டிராயிங் மாஸ்டர் பிரஷ் தாங்கி செய்த கதை

சாத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அழகுவேல் என்று ஒரு டிராயிங் மாஸ்டர். படம் சுமாராகப் போடுவார், கதை மட்டும் பிரமாதமாக விடுவார். அதிலும் ஒரு விசேஷம், அவர் விடுகிற கதையில் ஏமாளி எப்போதும் அவரேதான்.

ஆசிரியர் அறையில் ஜன்னலோரமாக அவருக்கு ஒரு மேஜை உண்டு. காய்ந்த பெயின்ட் டப்பா, முடி கொட்டிய பிரஷ், மூடி தொலைந்த ஸ்கெட்ச் பேனா, பென்சில் சீவல் என்று அதன்மேல் ஒரு குப்பைமேடே இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை எச்.எம். ரெஜினா அம்மா அதைப் பார்த்துவிட்டார். திங்கட்கிழமைக்குள் ஒழுங்குபடுத்தாவிட்டால் மேஜை புதிதாக வந்த கம்ப்யூட்டர் சாருக்கு, நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பதினெட்டு வருஷமாக அந்த ஜன்னல் வெளிச்சத்திலேயே படம் போட்ட மனுஷன் அழகுவேல். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் மேஜையைத் துடைத்துவிட்டு, செய்தித்தாள் சுற்றிய ஒரு பொருளை அதன்மேல் வைத்தார். டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்த கணக்கு டீச்சர் செண்பகவல்லியும் பி.டி. மாஸ்டர் சங்கரபாண்டியும் என்ன சார் அது என்று கேட்டார்கள். கேட்டிருக்கக் கூடாது.

ஜவுளிக்கடையில் துணி சுற்றி வருகிற அட்டைக் குழாய்களை வாங்கி, துண்டு துண்டாக நறுக்கி, நிற்கவைத்து ஒட்டி, பிரஷும் பென்சிலும் போட்டுவைக்க ஒரு தாங்கி செய்தேன் என்று ஆரம்பித்தார். அதுவரை உண்மைதான்.

முதல் குழாயை அளந்து வெட்டினாராம். ஒரு பக்கம் கோணிக்கொண்டது. அதைச் சரிசெய்ய இன்னொரு பக்கம் வெட்டினாராம். ஆறாவது வெட்டில் பார்த்தால் குழாய் முதலில் இருந்ததைவிட ஒரு முழம் நீண்டுபோய்க் கிடந்ததாம்.

"வெட்ட வெட்ட எப்படி சார் நீளும்?" என்றார் செண்பகவல்லி.

"கணக்குத் தெரிஞ்சவங்க வெட்டினா நீளாது டீச்சர். நான் வெட்டினா நீளும்."

சனிக்கிழமை மத்தியானத்துக்குள் அது ஜன்னல் வழியாக வெளியே போய் எதிர்வீட்டு மாடியைத் தொட்டுவிட்டதாம். எதிர்வீட்டம்மா அதில் நாலு புடவையைக் காயப்போட்டுவிட்டு, கொஞ்சம் உயர்த்திப் பிடிங்க சார் என்றாராம். இவரும் பிடித்தாராம்.

அடுத்தது பசை. சொட்டு விட்டால் போதும் என்று டப்பாவில் எழுதியிருந்ததை, டப்பாவைக் கவிழ்த்த பிறகுதான் படித்தாராம். தாங்கி இடது கையோடு ஒட்டிக்கொண்டதாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மைத்துனர் வீட்டுக் கல்யாணம். ஒட்டிய கையோடு போனாராம். பெண் வீட்டார் அதைக் கல்யாணப் பரிசு என்று நினைத்து இழுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் நாங்களும் வாங்கிக்கொள்கிறோம் என்று அந்தப் பக்கம் இழுத்தார்கள். எடுத்த கல்யாண போட்டோ எல்லாவற்றிலும் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவில் நிற்பது இவர்தானாம். அக்னியைச் சுற்றி வந்தபோதும் மூன்று பேராகத்தான் சுற்றினார்களாம்.

சங்கரபாண்டிக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு, அப்புறம் கை எப்படி வந்தது என்று கேட்டார். அழுதேன், கண்ணீர் பட்டுப் பசை விட்டுவிட்டது என்றார் அழகுவேல், கண் இமைக்காமல்.

வீட்டுக்கு வந்து தாங்கியில் ஒரு மயில் வரைந்து மொட்டை மாடியில் காயவைத்தாராம். மயில் தோகை விரித்திருக்கிறது என்று தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, மேகங்கள் கூட்டங்கூட்டமாக வந்தனவாம். கிட்டே வந்து பார்த்தால் அது மயிலா, பப்பாளி மரமா என்று தெரியவில்லையாம்.

"நேத்து சாயங்காலம் தூறல் விழுந்துச்சே, அது மழைன்னா நெனைச்சீங்க? என் மயிலப் பாத்து மேகம் சிரிச்ச சிரிப்புல கண்ணுல வந்த தண்ணி."

தூறல் விழுந்தது வாஸ்தவம்தான் என்று சங்கரபாண்டி தன்னை அறியாமல் சொல்லிவிட்டார். செண்பகவல்லி அவரை முறைத்தார்.

அந்த நேரம் பார்த்து ரெஜினா அம்மா உள்ளே வந்தார். அழகுவேல் எழுந்து செய்தித்தாளைப் பிரித்தார். பெரிதும் சிறிதுமாகப் பன்னிரண்டு குழாய்கள் ஒழுங்காக நின்றன. மயில் நிஜமாகவே நன்றாக இருந்தது. பையிலிருந்த பிரஷ்களையும் பென்சில்களையும் கலர்வாரியாக அவற்றில் போட்டுவைத்தார். எச்.எம். முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. அழகுவேலுக்கும் மூச்சு வந்தது.

மயிலைக் கிட்டத்தில் பார்க்க அம்மா தாங்கியைக் கையில் தூக்கினார். தாங்கி மேலே போயிற்று. பிரஷும் பென்சிலும் மேஜையிலேயே நின்று, யோசித்து, சடசடவென்று நாலா பக்கமும் விழுந்து உருண்டன.

அம்மா குழாய் வழியாக அழகுவேலின் முகத்தைப் பார்த்தார். "சார், இதுக்கு அடி எங்க?"

அடி ஒட்டவில்லை என்பது அழகுவேலுக்கே அப்போதுதான் தெரிந்தது. ஆனால் வாய் அதன் வேலையைச் செய்தது.

"இந்த மேஜைதான் மேடம் அதுக்கு அடி. மேஜையைக் குடுத்துட்டா தாங்கி பாழாயிரும்."

ரெஜினா அம்மா மேஜையை ஒரு தரம் பார்த்தார். பிறகு தாங்கியை மெதுவாக மேஜைமேல் வைத்தார். கம்ப்யூட்டர் சாருக்கு லேபிலேயே ஒரு மேஜை பார்க்கிறேன், இதை யாரும் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

செண்பகவல்லி குனிந்து ஒரு பென்சிலைப் பொறுக்கி நீட்டினார்.

"உண்மையச் சொல்லுங்க சார். மறந்துட்டீங்கதான?"

"ஆமா டீச்சர்" என்றார் அழகுவேல்.