எஸ்தரின் கறிவேப்பிலைச் செடி

"ஒருத்தரும் ரெண்டாம் தடவை பேசறதே இல்ல சாமி" என்றார் தணிகாசலம்.

மாடித்தோட்டம் பற்றி வலைப்பூ எழுதுகிறவர். மண்புழு முதல் மாவுப்பூச்சி வரை அவர் எழுதாத சங்கதி இல்லை. வாசகர்கள் வருவார்கள், ஒரு பின்னூட்டம் போடுவார்கள், அத்தோடு சரி. அப்புறம் கிணற்றில் போட்ட கல்தான்.

மலையடிவார மடத்தில் பூரணி சாமி மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். வயதில் இவருக்கு மகள் மாதிரி. தலை நிமிரவில்லை.

"நீங்க பதில் போடுவீங்களா?"

"அதுல குறையே வைக்கமாட்டேன். யார் எழுதினாலும் அன்னைக்கே பதில். 'மிக்க மகிழ்ச்சி. தொடர்ந்து வாசியுங்கள்.' தயாரா எழுதி வச்சிருக்கேன். எடுத்து ஒட்டவேண்டியதுதான்."

பூரணி தலையாட்டினார்.

"இன்னையோட வலைப்பூவை இழுத்து மூடிடலாம்னு இருக்கேன் சாமி. மனசே விட்டுப்போச்சு."

"மிக்க மகிழ்ச்சி. அடிக்கடி வாங்க."

தணிகாசலத்துக்குச் சுருக்கென்றது. காதில் சரியாக விழவில்லையோ?

"எத்தனை வருஷ உழைப்பு! சோறே இறங்கமாட்டேங்குது."

"மிக்க மகிழ்ச்சி. அடிக்கடி வாங்க."

"நான் வயிறெரிஞ்சு சொல்றேன், நீங்க என்னடான்னா..."

கோபத்தில் எழுந்துவிட்டார். இரண்டு பஸ் மாறி வந்தது இதைக் கேட்கவா?

"உங்களுக்கு யாராவது எழுதினதுல ஒண்ணு படிங்க, கேப்போம்" என்றார் பூரணி.

வெடுக்கென்று போனை எடுத்தார். விரலுக்கு அகப்பட்டதை உரக்க வாசித்தார்.

"ஐயா, நான் ஆரணியிலிருந்து எஸ்தர். என் வீட்டுக்காரர் போன மாதம் தவறிவிட்டார். அவர் கையால் வைத்த கறிவேப்பிலைச் செடி ஒன்றுதான் எனக்கு மிச்சம். அதுவும் வாடுகிறது. என்ன செய்யட்டும்?"

அதன் கீழே இவருடைய பதில் இருந்தது. அதை வாசிக்க வாய் வரவில்லை.

"அப்புறம்?"

எஸ்தர் இரண்டாம் தடவையும் எழுதியிருந்தாள்.

"செடி பட்டுப்போய்விட்டது ஐயா."

அதற்கும் கீழே, இவர் கையால் ஒட்டியது: மிக்க மகிழ்ச்சி. தொடர்ந்து வாசியுங்கள்.

தணிகாசலத்தின் முகத்தில் ஈயாடவில்லை. சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா என்று உடம்பு கூசியது. நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ சாமி! அந்தம்மாவுக்கு இப்ப என்ன வேணும்? நான் என்னன்னு எழுதறது?"

பூரணி மொச்சைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, அவர் கையிலிருந்த போனைக் காட்டினார்.

"அதை ஏன் என்கிட்ட கேக்கறீங்க?"