சன்னாசி கண்டக்டரின் அலமாரி

“ஆறு மாசமா ஒரே ஆளைப் பத்தியே கேட்டுக்கிட்டு அலையிறேன்மா. என்னை எப்பப் பேச விடுவீங்க?”

கேட்டவர் தில்லைநாயகம். வயது அறுபத்திரண்டு. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியராக இருந்தவர். அந்த வேலை பார்த்தவர்களுக்கு வாயை மூடிக்கொண்டு இருப்பதைப் போல ஒரு தண்டனை கிடையாது.

பதில் சொல்ல வேண்டியவள் பூங்கோதை. வயது முப்பத்தெட்டு. அவரிடம் படித்திருக்க வேண்டிய வயசுதான். ஆனால் அணை நினைவில்லத்தில் அவள்தான் குரு, அவர்தான் சீடர்.

“அந்த ஆளோட சம்சாரம் இங்க வரணும். நீங்க சொல்றதக் கேக்கணும். ‘இவருதான்’னு சொல்லணும். அப்புறம் தாராளமாப் பேசுங்க சார்.”

“அவங்கதான் வரமாட்டேங்கிறாங்களே!”

பூங்கோதை ஒரு துணியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே அலமாரிகளைத் துடைக்கப் போனார்.

இந்தக் கதை நடக்கும் நாட்டில், பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால், ஒரு காலை வேளையில் மேலணை உடைந்தது. ஏழு தாலுகா தண்ணீரில் போனது. பூங்கோதையின் அப்பாவும் இரண்டு தம்பிகளும் அதில் போனார்கள்.

தண்ணீர் வடிந்ததும் அரசாங்கம் ஒரு பெரிய தூண் கட்டியது. வருடத்துக்கு ஒருநாள் மாலை போட்டார்கள். மீதி நாளெல்லாம் ஆடு கட்டினார்கள்.

பூங்கோதை தூணோடு மல்லுக்கு நிற்கவில்லை. தண்ணீர் ஏறிய தடம் சுவரில் இருந்த பழைய பஸ் பணிமனையைக் கேட்டு வாங்கினாள். இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன அலமாரி வைத்தாள். ஒவ்வொரு அலமாரிக்கும் ஒரு காப்பாளர். காப்பாளர் ஒரே ஓர் ஆளைப் பற்றித்தான் பேசலாம்.

மொத்தம் எத்தனை பேர் என்று அங்கே எங்கேயும் எழுதியிருக்காது. வாசலில் ஒரு சீட்டு தருவார்கள். அதில் ஒரு பெயர் இருக்கும். வருகிறவர் அந்த ஒருவரின் அலமாரிக்குப் போய், அந்த ஒருவரின் கதையைக் கேட்டுவிட்டுத் திரும்பிவிட வேண்டும்.

முதலில் சிரித்தார்கள். இப்போது அந்த நாட்டில் எந்த ரயிலில் ஏறினாலும், “உங்களுக்கு யாரு வந்தாங்க?” என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறார்கள். “எனக்கு ஒரு தையல்காரப் பொண்ணு. உங்களுக்கு?” என்று பேச்சு தொடங்கி, இறங்கும் வரைக்கும் ஓடும். இதைச் செய்தவளைக் கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றுகிறது.

இதில் ஒரு முறை உண்டு. காப்பாளர் முதல் தடவை சொல்லும்போது, இறந்தவரை நன்றாக அறிந்தவர் முன்னால் உட்கார்ந்து கேட்க வேண்டும். “இவருதான்” என்று அவர் சொன்னால் அலமாரி திறக்கும். இரண்டு வாய்ப்புதான். இரண்டிலும் தவறினால் அந்தக் காப்பாளருக்கு அந்த அலமாரி கிடையாது.

தில்லைநாயகத்துக்குக் கிடைத்தது சன்னாசி. பஸ் கண்டக்டர். போகும்போது வயது நாற்பத்து நான்கு. கரை ரோட்டில் காலை முதல் வண்டியோடு தண்ணீரில் போனவர். அவரை அறிந்தவர்களில் மிச்சம் இருப்பது மனைவி வெள்ளையம்மாள் ஒருத்திதான். அவளும் மாசக் கடைசியில் அப்பா போனபோது கைக்குழந்தையாக இருந்து, இப்போது தூர ஊரில் இருக்கும் மகள் வீட்டோடு போகப்போகிறாள். அவள் போய்விட்டால் சன்னாசியின் அலமாரி பூட்டியது பூட்டியபடியே இருக்கும்.

அதனால்தான் மனிதர் நடையாய் நடந்தார்.

“உங்க வீட்டுக்காரர் எப்படிம்மா?” என்று கேட்பார்.

“நல்லவருதான்,” என்பாள் வெள்ளையம்மாள்.

“வேற?”

“நல்லவருங்கய்யா.”

ஆறு மாதமும் இந்த ஒரே வார்த்தைதான். மீதியை அவரே இட்டு நிரப்பிக்கொண்டார். முப்பது வருடம் சுதந்திர தின உரை எழுதிய கைக்கு அது ஒரு வேலையா?

கடைசியில், இவர் தொல்லை தாங்காமலோ என்னவோ, ஒரு திங்கட்கிழமை அவள் வந்தாள். முன் பெஞ்சில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பார்வையாளர்கள் பத்துப் பதினைந்து பேர் பின்னால் நின்றார்கள்.

தில்லைநாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“கடமையே மூச்சாக வாழ்ந்தவர். கோபம் என்றால் என்னவென்றே அறியாதவர். பயணிகளைப் பெற்ற பிள்ளைகளைப் போலப் பார்த்தவர்...”

அரை மணி நேரம் பொழிந்தார். பின்னால் நின்றவர்கள் மூக்கை உறிஞ்சினார்கள். வெள்ளையம்மாளும் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். தில்லைநாயகத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பூங்கோதை குனிந்து கேட்டாள். “அம்மா, இவருதானா?”

வெள்ளையம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

“பாவம், ரொம்ப நல்ல மனுசனா இருந்திருக்காரு,” என்றாள். “யாருங்க தாயி அவரு?”

யாரும் சிரிக்கவில்லை. அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

தில்லைநாயகத்துக்கு முகத்தில் ஈயாடவில்லை. பிறகு கோபம் வந்தது.

“நான் என்னம்மா தப்பாச் சொல்லிட்டேன்? நல்லவருன்னு அவங்கதானே சொன்னாங்க?”

பூங்கோதை கையை நீட்டினாள். அவர் எழுதி வைத்திருந்த உரையை வாங்கினாள். சன்னாசி என்று இருந்த இடத்தில் எல்லாம் பக்கத்து அலமாரியில் இருந்த தையல்காரப் பெண் பிலோமினாவின் பெயரைப் போட்டு, சத்தமாக வாசித்தாள்.

பொருந்தியது.

அடுத்து மாவு மில்காரர் அப்துல் வகாபின் பெயரைப் போட்டு வாசித்தாள். அதற்கும் பொருந்தியது.

மூன்றாவதாகத் தில்லைநாயகம் என்று போட்டாள்.

“கடமையே மூச்சாக வாழ்ந்தவர் தில்லைநாயகம். கோபம் என்றால் என்னவென்றே அறியாதவர் தில்லைநாயகம்...”

கேட்கக் கேட்க அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. உள்ளூரக் கொஞ்சம் இனித்தது என்பதையும் மறைக்க முடியாது. அந்த இனிப்புதான் அவரை அதிகமாகச் சுட்டது.

தாளை வாங்கி நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அன்றைக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து வெள்ளையம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றார். உள்ளே பாதித் துணிமணி பெட்டிக்குப் போயிருந்தது.

“மறுபடியும் வந்துட்டீகளா? அதான் சொன்னேனே, நல்லவருன்னு.”

“அது இருக்கட்டும்மா. அவருகிட்ட உங்களுக்குப் பிடிக்காதது என்ன?”

வெள்ளையம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ பேர் துக்கம் கேட்க வந்திருக்கிறார்கள். இப்படி ஒருத்தரும் கேட்டதில்லை.

“உக்காருங்க,” என்றாள்.

காலையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. இரண்டு தடவை காப்பி வந்தது. ஒரு தடவை அவள் சிரித்த சிரிப்பில் அவருக்கே பயம் வந்துவிட்டது. கடைசியில் ஒன்று சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஒன்று தில்லைநாயகத்தைத் தூங்கவிடவில்லை. விடிந்ததும் பூங்கோதையிடம் போனார்.

“இத எல்லாருக்கும் முன்னாடி சொல்லலாமாம்மா? அவங்க மனசு நோகாதா? இதுவும் தப்பாப் போச்சுன்னா அந்த மனுஷன் அதோட முடிஞ்சாரு.”

“அவங்க அத உங்ககிட்ட எதுக்குச் சொன்னாங்க சார்?”

“தெரியலையே.”

“அப்ப சொல்லிப் பாருங்க,” என்று சொல்லிவிட்டு அவள் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

மாசக் கடைசி நாள் வெள்ளையம்மாள் வந்தாள். மறுநாள் காலையில் அவளுக்கு ரயில். அதே பெஞ்சு. பின்னால் ஒரு கல்யாணக் கூட்டம் போல ஜனம்.

தில்லைநாயகம் இந்தத் தடவை தாள் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. பேச்சுத் தமிழில் ஆரம்பித்தார்.

“சன்னாசி கண்டக்டருக்கு மூக்கு நுனியில கோபம். வண்டியில யாரும் அவருகிட்ட வாய் கொடுக்க மாட்டாங்க. ஸ்டாப் இல்லாத இடத்துல யாராச்சும் கைகாட்டிக்கிட்டு ஓடி வந்தா, ‘இவனுகளுக்காக அரசாங்கம் வீட்டு வாசல்ல வந்து ஏத்திக்கணுமோ’ன்னு திட்டுவாரு. திட்டிக்கிட்டே விசில் அடிச்சு வண்டிய நிறுத்துவாரு. ஏறினவன் இறங்குற வரைக்கும் திட்டு ஓயாது.”

பின்னால் ஒருவர் சிரித்தார்.

“கண்ண மூடிக்கிட்டே வாசனையில எந்த ஊருன்னு சொல்லுவேன்னு பெருமை. ஒருநாள் அப்படித்தான் ஊரச் சொல்லி, ஒரு கல்யாண வீட்டுக் கூட்டத்தையே சுடுகாட்டுப் பாதையில இறக்கிவிட்டுட்டாரு. தப்ப ஒத்துக்கவே இல்ல. காத்து மாறி அடிச்சிருச்சுன்னாரு.”

இப்போது எல்லாரும் சிரித்தார்கள். வெள்ளையம்மாள் சிரிக்கவில்லை. முன்னால் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“கிழிச்ச டிக்கெட்டச் சுருட்டிக் காது குடைவாரு. குடைஞ்சத எங்கயாவது போடுவாரா? சட்டைப் பைக்குள்ளயே போட்டுக்குவாரு. துவைக்கும்போது அம்புட்டும் கூழாகும். இதுக்கு அந்த வீட்டுல வாரத்துக்கு ஒரு சண்டை.”

தில்லைநாயகம் நிறுத்தினார். தண்ணீர் குடிக்க வேண்டும் போல இருந்தது. குடிக்காமலே தொடர்ந்தார்.

“அணை உடைஞ்ச அன்னைக்குக் காலையிலயும் அதே சண்டைதான். அன்னைக்குப் பைக்குள்ள புது டிக்கெட் கட்டும் இருந்திருக்கு. அதுவும் நனைஞ்சு போச்சு. வாசல்ல செருப்ப மாட்டிக்கிட்டு, ‘துவைக்கிறதுக்கு முன்னாடி பைய ஒரு தடவ பாக்க மாட்டியா’ன்னு கேட்டாரு. அவங்க பதில் சொல்லல. முகத்தத் திருப்பிக்கிட்டாங்க. அவரு போகல. பதிலுக்காகக் கொஞ்ச நேரம் நின்னாரு. வண்டி ஹாரன் அடிச்சுது. போயிட்டாரு.”

அதோடு முடித்துக்கொண்டார்.

மொத்தக் கூட்டமும் வெள்ளையம்மாளைப் பார்த்தது. அவள் குனிந்திருந்தாள். தோள் குலுங்கியது. கெடுத்துவிட்டோம் என்றே தில்லைநாயகம் நினைத்தார்.

வெள்ளையம்மாள் விருட்டென்று எழுந்தாள். அவரைத் தள்ளாத குறையாக விலக்கிக்கொண்டு, பூட்டிய அலமாரிக்கு முன்னால் போய் நின்றாள்.

“ஏய்யா, எத்தன தடவ சொல்லியிருக்கேன், கழட்டும்போதே எடுத்து வைய்யின்னு! ஒன் பைய நான் எதுக்குப் பாக்கணும்? ஒரு நாளாச்சும் சட்டையக் கொக்கியில மாட்டியிருக்கியா? வாசல்ல நின்னு மொறைச்சா நான் பயந்துருவேனா?”

கூட்டத்தில் சிலர் அழுதார்கள். அழுதுகொண்டே சிலர் சிரித்தார்கள். அவள் யாரையும் கண்டுகொள்ளவில்லை. மூச்சு வாங்கியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பூங்கோதை பக்கத்தில் போனாள்.

“அம்மா, இவருதானா?”

வெள்ளையம்மாள் தில்லைநாயகத்தின் பக்கம் திரும்பினாள்.

“நாளைக்கும் இதச் சொல்லுவீகளா?”

“சொல்லுவேம்மா. தினமும் சொல்லுவேன்.”

“எத்தன மணிக்கு?”

“பத்து மணிக்கு. ஆனா நாளைக்குக் காலையில உங்களுக்கு ரயிலாச்சே?”

“ரயிலு கெடக்குது,” என்றாள் வெள்ளையம்மாள். “அந்த மனுசனுக்கு நான் இன்னும் பதில் சொல்லி முடிக்கல.”