கம்ப்யூட்டருக்குக் கற்பூரம்

அந்தப் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் அறைக் கதவு ஆயுத பூஜைக்கு மட்டும்தான் திறக்கும். கல்வி அதிகாரி சோதனைக்கு வந்த அன்று, தலைமையாசிரியர் கோதண்டம் பிளஸ் டூ படிக்கும் செண்பகவல்லியை முன்னால் தள்ளினார்.

"தினமும் பழகுற மாதிரி செஞ்சு காட்டு. சொதப்பினே, செய்முறை மார்க்குல கை வச்சிருவேன்" என்று காதோரம் உறுமினார்.

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். "எங்கே, இங்க கத்துக்கிட்டதைச் செய்ம்மா."

செண்பகவல்லி செருப்பைக் கழற்றினாள். அலமாரியில் கிடந்த பூஜைத் தட்டை எடுத்தாள். கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, தட்டை அதிகாரியிடம் நீட்டினாள். அவரும் பழக்கதோஷத்தில் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "என்னம்மா இது?" என்றார்.

"இந்த ரூம்ல எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான் சார்."

கோதண்டத்தின் முகம் செத்துப்போனது. அதிகாரி மறுநாளே கண்டிப்பான உத்தரவு போட்டார்: கம்ப்யூட்டர் அறையில் இனி யாரும் கற்பூரம் ஏற்றக் கூடாது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கும் கதவு திறக்கவில்லை.