ரின்போச்சே சொல்லாத பெயர்

தம்டினுக்கு அறுபத்தைந்து வயது. அவருடைய குருவுக்கு முப்பத்து நான்கு.

வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். கர்நாடகத்தின் தென்கோடி மலையடிவாரத்தில், மக்காச்சோளக் கொல்லைகளுக்கு நடுவே இருந்த அந்தத் திபெத்தியக் குடியிருப்பில் யாரும் சிரிக்கவில்லை. மடத்தின் குருவை ரின்போச்சே என்பார்கள். முந்தைய ரின்போச்சே கண்மூடியபோது பக்கத்தில் இருந்தவர் தம்டின். அந்தக் குருவே மறுபடி பிறந்து வந்திருக்கிறார் என்று மடம் ஒரு குழந்தையை ஏற்றுக்கொண்டபோது, அதைத் தூக்கி வந்து ஆசனத்தில் அமர்த்தியவரும் தம்டின்தான். எழுத்து சொல்லிக்கொடுத்தார். காய்ச்சல் வந்தால் பக்கத்தில் படுத்துக்கொண்டார். பிள்ளை வளர்ந்து பாடம் சொல்லத் தொடங்கிய நாளிலிருந்து, கீழே விரிப்பில் உட்கார்ந்து கைகூப்பிக் கேட்கிறார்.

அந்த வருடம் குடியிருப்புக்குத் தலைவர் தேர்தல் வந்தது. இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் நோர்கியே. ஸ்வெட்டர் வியாபாரி, மடத்துக்கு வேண்டியவர், நல்ல மனிதர். இன்னொருத்தி யாங்ஸோம். குடியிருப்பு மருத்துவமனையில் நர்ஸ்.

தம்டின் ஒரு காலை தேநீர்க் கிண்ணத்தை வைத்துவிட்டு நகராமல் நின்றார்.

"என்ன?" என்றார் ரின்போச்சே.

"ஒரு வார்த்தை சொல்லுங்கள். நோர்கியே என்று. அது போதும்."

"எதற்கு?"

"அந்தப் பெண் ஜெயித்தால் இனி ஊர்க்கூட்டம் மடத்தில் நடக்காதாம். நிலம், தண்ணீர் எதற்கும் மடத்தைக் கேட்க வேண்டியதில்லையாம். மடம் பூஜையைப் பார்த்துக்கொள்ளட்டும் என்கிறாள்."

ரின்போச்சே தேநீரைக் குடித்தார்.

"நம் தேசத்தில் மதமும் அரசும் ஒரே உடம்பின் இரண்டு கைகளாக இருந்தன" என்றார் தம்டின். "எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் மலை தாண்டி வந்தோம். மிச்சமிருப்பது இது ஒன்றுதான். இதையும் விட்டுவிடலாமா?"

"கூரை ஓடு மாற்ற ஆள் வந்தார்களா?"

"நாளைக்கு வருவார்கள்."

"சரி" என்றார் ரின்போச்சே. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. ஒரு மாதமாகவே அவர் சரியாகத் தூங்கவில்லை. வருகிறவர்கள் எல்லாம் ஆசி கேட்டு வந்து, குனிந்து, மெல்ல இதே கேள்வியைத்தான் கேட்டுவிட்டுப் போனார்கள்.

அன்று மாலை மடத்தைச் சுற்றும் பாதையில் ஒரு பெண் தம்டினை நிறுத்தினாள். "ரின்போச்சே மனதில் யார்?"

தம்டின் ஒரு கணம் யோசித்தார். வேண்டாம் என்றால் ரின்போச்சே வேண்டாம் என்று சொல்லியிருப்பாரே!

"நோர்கியேதான்" என்றார்.

விடிவதற்குள் அந்தச் சொல் எல்லா வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

அதன்பிறகு ஊர் இரண்டாயிற்று. ஒரு பக்கத்தார் கடையில் மறுபக்கத்தார் மாவு வாங்கவில்லை. வருடக்கணக்காகச் சேர்ந்தே மடத்தை வலம் வந்த இரண்டு தோழிகளில் ஒருத்தி, மற்றவள் சுற்றிமுடித்துப் போகும்வரை மரத்தடியில் காத்து நின்றாள். யாங்ஸோம் போடும் ஊசி வேண்டாம் என்று ஒருவர் பஸ் ஏறி டவுனுக்குப் போனார். தம்டின் எல்லாவற்றையும் பார்த்தார். தேர்தல் முடிந்தால் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஒரு நாள் காலை ரின்போச்சே ஜன்னலில் நின்றபடி கேட்டார்.

"புன்சோக் தாத்தாவை ஏன் காணோம்?"

புன்சோக் யாங்ஸோமின் அப்பா. திபெத்திலிருந்து வந்த காலத்தில் மலைச்சாலைக்குக் கல் உடைத்தவர். மடத்துச் சுவரிலும் அவர் சுமந்த கல் உண்டு.

"படுத்துவிட்டார். தேறமாட்டார் என்கிறார்கள்."

"பூஜைக்கு நம்மைக் கூப்பிடவில்லையா?"

"இல்லை."

ரின்போச்சே திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி நடந்தார். குடை இல்லை, முன்னே எக்காளம் ஊதுகிறவர்கள் இல்லை. தம்டின் பூஜைப் பையை எடுத்துக்கொண்டு மூச்சிரைக்கப் பின்னால் ஓடினார்.

கதவைத் திறந்தது யாங்ஸோம். குனிந்து வணங்கினாள். ஆனால் வழிவிடவில்லை.

"அப்பா மூன்று நாளாக உங்களைக் கேட்டு அழுகிறார். நான்தான் ஆள் அனுப்பவில்லை."

"ஏன் அம்மா?"

"ரின்போச்சே மனதில் நோர்கியே என்று தம்டின் ஐயா சொல்லியிருக்கிறார். கூப்பிட்டு நீங்கள் வராமல் போனால் அப்பா தாங்கமாட்டார். கூப்பிடவே இல்லை என்றால் பழி என்னோடு போகும்."

தம்டினுக்குக் காது சூடேறியது. இப்போது ரின்போச்சே சொல்லிவிடுவார். நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று. தெருவில் நாலு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவர் காத்திருந்தார்.

"உள்ளே வரலாமா?" என்று மட்டும் கேட்டார் ரின்போச்சே.

கட்டிலில் புன்சோக் பாதியாகச் சுருங்கியிருந்தார். குருவைப் பார்த்ததும் எழ முயன்றார். முடியவில்லை. ரின்போச்சே தரையில் உட்கார்ந்து, கிழவரின் தலையோடு தன் நெற்றியைச் சேர்த்து வைத்தார்.

"என்மேல் கோபமா ரின்போச்சே?"

"இல்லை."

"இவள் உங்களுக்கு எதிரியா?"

"இல்லை."

"அப்படியானால் சொல்லுங்கள். யாருக்கு ஓட்டுப் போடட்டும்? தூக்கிக்கொண்டு போனாலும் போய்ப் போடுவேன். மகளா குருவா என்று கேட்டால் எனக்குக் குருதான். அவளுக்கும் அது தெரியும்."

யாங்ஸோம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எதற்காகத் தேர்தலில் நிற்கிறாள் என்று அவளைக் கேட்டீர்களா?" என்றார் ரின்போச்சே.

"இல்லை."

"நானும் கேட்கவில்லை. அம்மா, நீயே சொல்லேன்."

யாங்ஸோம் நின்றபடியே சொன்னாள். பிள்ளைகள் எல்லாம் கனடாவுக்கும் பெல்ஜியத்துக்கும் போய்விட்டார்கள். கிழவர்கள் பூட்டிய வீடுகளுக்கு நடுவே தனியாகக் கிடக்கிறார்கள். உழ ஆள் இல்லாத நிலத்தை யாருக்குக் குத்தகைக்கு விடுவது என்று பேச ஊர்க்கூட்டம் போட்டால், மடத்தில் குருவின் ஆசனத்துக்கு முன்னால் யாரும் வாய் திறப்பதில்லை.

"போன வருடம் ஒருத்தர் எழுந்து, அந்தக் குத்தகை சரியில்லை என்றார். குருவை எதிர்த்துப் பேசிவிட்டான் என்று அன்றைக்கே பேர் வந்துவிட்டது. ஊரைவிட்டே போய்விட்டார். நீங்கள் அன்று அங்கே இல்லவே இல்லை ரின்போச்சே. காலி ஆசனம்தான் இருந்தது."

அந்தப் பேரை வைத்தவர்களில் தம்டினும் ஒருவர். அவர் பையின் கயிற்றை அவிழ்த்தார், மறுபடி கட்டினார்.

கிழவர் கண்மூடிக் கிடந்தார். "நல்லதோ கெட்டதோ, எனக்கு விளங்கவில்லை. நீங்களே சொல்லிவிடுங்கள் ரின்போச்சே. கேட்டுக்கொண்டு போகிறேன்."

"அதை என்னிடம் கேட்காதீர்கள் தாத்தா" என்றார் ரின்போச்சே. "சாவைப் பற்றிக் கேளுங்கள். சொல்கிறேன்."

புன்சோக் குழந்தையைப்போல மெல்லிய குரலில் கேட்டார்.

"வலிக்குமா? நீங்கள் ஒருமுறை போய்வந்தவர்தானே?"

"நினைவில்லை தாத்தா. ஆனால் வழியைப் படித்திருக்கிறேன். கூடவே சொல்லிக்கொண்டு வருகிறேன்."

கிழவரின் முகத்தில் என்னவோ தளர்ந்தது. அன்று முழுவதும் ரின்போச்சே அங்கேயே இருந்தார். மறுநாளும் போனார். மூன்றாம் நாள் காலை, அந்த வழியைச் சொல்லும் நூலை அவர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே புன்சோக்கின் மூச்சு நின்றது. யாங்ஸோம் அப்பாவின் கையை விடாமல் பிடித்திருந்தாள்.

ஊர் அதையும் விடவில்லை. ரின்போச்சே மூன்று நாள் அந்த வீட்டில் இருந்தாராம், அவர் இப்போது யாங்ஸோம் பக்கமாம் என்றது. நோர்கியே ஆட்கள் சிலர் காலைப் பூஜைக்கு வருவதை நிறுத்தினார்கள். மற்றவர்கள் தம்டினின் சொல்லையே பிடித்துக்கொண்டார்கள்.

நோர்கியே ஜெயித்தார். வித்தியாசம் அதிகமில்லை. வெள்ளைத் துண்டை ஏந்திக்கொண்டு மடத்துக்கு வந்து, குனிந்து ரின்போச்சேயின் முன் வைத்தார்.

"எல்லாம் ரின்போச்சேயின் வார்த்தையால் வந்தது."

ரின்போச்சே அந்தத் துண்டை எடுத்து அவர் கழுத்திலேயே போட்டார். வருகிற எல்லோருக்கும் போடுவதைப்போலத்தான்.

"துக்கம் கேட்கப் புன்சோக் வீட்டுக்குப் போனீர்களா?"

நோர்கியேயின் முகம் சிவந்தது. "போகவில்லை. எப்படிப் போவது என்று..."

"போய்வாருங்கள்."

அவர் போனபிறகு அறையில் இரண்டு பேர்தான். தம்டின் கதவைச் சாத்தினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் விழுந்து வணங்கினார். எழுந்திருக்கவில்லை.

"உங்கள் பெயரில் நான் சொன்னேன். நீங்கள் சொல்லாததைச் சொன்னேன். அந்தக் கிழவரை அழவைத்தேன்."

"தெரியும். எழுந்திருங்கள், தரை குளிர்கிறது."

"அன்று வாசலில் ஏன் மறுக்கவில்லை? என்னைக் காப்பாற்றவா?"

ரின்போச்சே இமைகளை விரல்களால் அழுத்திக்கொண்டார். அந்தச் சின்ன வயதில் அவ்வளவு களைப்பைத் தம்டின் பார்த்ததில்லை. முந்தைய குருவின் கடைசி நாட்களில் பார்த்திருக்கிறார்.

"ஒன்று கேட்கிறேன்" என்றார் தம்டின். "யார் வரவேண்டும் என்று உங்களுக்கு ஒரு விருப்பமும் இருக்கவில்லையா?"

"இருந்தது. நோர்கியேதான்."

தம்டின் தலைநிமிர்ந்தார். நெஞ்சிலிருந்த கல் ஒன்று நகர்ந்ததுபோல இருந்தது. "அப்படியானால் நான் சொன்னது பொய்யில்லையே!"

"பொய்யாக இருந்திருந்தால் வாசலிலேயே மறுத்திருப்பேன்" என்றார் ரின்போச்சே. "உண்மையாக இருந்ததால் மறுக்க முடியவில்லை; அதனால்தான் மூன்று நாள் அந்த வீட்டில் உட்கார வேண்டியிருந்தது."